செத்த மாட்டின் சாப்பாடு

எப்போதோ செத்துப்போன மாடு என்ன தின்றது என்று கண்டுபிடிப்பது என் தொழில். கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

தின்ற தீனியின் தடயம் எலும்பில் ஏறி உட்கார்ந்துவிடும். மேய்ச்சல் புல்லுக்கு ஒரு கணக்கு, நெல் வைக்கோலுக்கு வேறு கணக்கு. எலும்பைக் கரைத்து, அதிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தை எடுத்து, அந்தக் கணக்கைப் பார்ப்பதுதான் ஐசோடோப் ஆய்வு. பழைய ஊர் ஒன்றில் தோண்டி எடுத்த மாட்டெலும்பு 'வைக்கோல்' என்று சொன்னால் போதும். அங்கே அப்போதே நெல் விளைந்தது என்று தீசிஸ் எழுதி நானும் டாக்டராகிவிடலாம். சாம்பிளை அனுப்பிவிட்டு மெயிலைத் திறந்து திறந்து மூடும் சக ஜீவன்களுக்கு என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

அனுமதி

எலும்புகள் ஆழ்வார்பேட்டையில் ஒரு கிடங்கில் பெட்டிகளில் கிடந்தன. பல் இருந்தால் பிழைத்திருப்பேன். அதன் எனாமல் எதற்கும் லேசில் அசையாது. இருந்தது கால் எலும்புகள் மட்டும். அதில் ஒரு சின்னத் துண்டு வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டு நடையாய் நடந்தேன்.

அமிலத்தில் போட்டுக் கரைத்துவிடுவேன் என்று அதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். கையெழுத்துப் போடும் முன் அவர் பேனாவை நிறுத்தினார். "கரைங்க, வேணாங்கல. ஆனா வேலை முடிஞ்சதும் அதே துண்டை இங்க திருப்பி ஒப்படைச்சிடணும், சரியாம்மா?"

மயிலாப்பூர் மாடு

ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய மாட்டின் வால் முடியும் வேண்டும். மயிலாப்பூரில் ஒரு மாட்டுக்காரரைப் பிடித்து, தீனி புல்லா வைக்கோலா என்று கேட்டேன். மாடு அப்போதுதான் கல்யாண மண்டபத்து எச்சில் இலைகளை முடித்துவிட்டு, சுவரிலிருந்த போஸ்டரை உரித்துக்கொண்டிருந்தது. கண்ணெதிரே நிற்கிற மாட்டுக்கே இந்தக் கதி.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலைல கறந்துட்டு அவுத்து வுட்டா, சாய்ந்தரம் தானா வந்து நிக்கும். நடுவுல அது இன்னா துண்ணுதுன்னு நான் கேட்டதே இல்ல மேடம்."

அழகான ரிசல்ட்

அளக்கும் மெஷின் வேறு ஊரில். அங்கே பெரிய வரிசை. மாதக்கணக்கில் காத்திருந்தபின் ரிசல்ட் வந்தது. வைக்கோல்! கொலாஜனோ கொள்ளை கொள்ளையாக, புத்தம் புதிது போல. அடையாறு லேபில் நான் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன்.

என் கைடு மேடம் மட்டும் காபியைத் தொடவில்லை. நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் மண்ணுக்குள் கிடந்த எலும்பில் கொலாஜன் மிஞ்சுவதே அபூர்வம். அவர் பேப்பரை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இது பழங்கால மாடா, போன வருஷம் செத்த மாடா?"

பாசம்

கிடங்குக்கு ஓடினேன். பெட்டிகளைப் பராமரிக்கும் தணிகாசலம் அண்ணனிடம், எலும்புக்கு ஏதாவது செய்தீர்களா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. எலும்பெல்லாம் உதிர்கிறதே என்று வச்சிரம் காய்ச்சிப் பூசியிருக்கிறார். வச்சிரம் என்பது மாட்டுத் தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுக்கும் பசை, அதாவது முழுக்க முழுக்கக் கொலாஜன். நான் இத்தனை காலம் காத்திருந்து அளந்தது, பசையாகிப்போன ஏதோ ஒரு இந்தக் காலத்து மாட்டின் சாப்பாடு. ஊறிப்போன இதைப் பழையதிலிருந்து பிரித்தெடுக்கவும் வழியில்லை. தீசிஸே போயிற்று.

பூசாத எலும்பு ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "ஒண்ணத்தக்கூட வுடல மேடம். பர்மிஷனுக்கு அலஞ்சிகினு இருந்தீங்களே, பாவம்னு உங்க பொட்டிக்கு மட்டும் ரெண்டு கோட்டா பூசி வச்சேன்."

இப்போதெல்லாம் அந்த மாடு என்னதான் தின்றது என்று யாராவது கேட்டால் 'புல்' என்று சொல்லிவிடுகிறேன், இதுவரை ஒருவர்கூட ஆதாரம் கேட்கவில்லை.