நாலு மணி அதிகாரம்

"இருங்க சார், அதிகாரம் முடியல" என்று இடது கையைத் தூக்கிக் காட்டுகிறார் தேவசித்தம். வலது கையின் ஆள்காட்டி விரல் வேதப்புத்தகத்தின் வரியை விட்டு நகரவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் துபாய்க்குப் பேசி முடித்துவிட்டு, பில்லுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். பெஞ்சில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். நான் ஃபேக்ஸ் அனுப்ப வேண்டிய தாள்களை விசிறிக்கொண்டிருக்கிறேன். ஐந்து மணிக்குள் செய்தி போய்ச் சேராவிட்டால் சென்னையில் என் பத்திரிகை ஆசிரியர் அந்த இடத்தில் ஊறுகாய் விளம்பரம் போட்டுவிடுவார். இங்கேயோ இஸ்ரவேலில் யாரோ ஒரு ராஜா இப்போதுதான் பட்டத்துக்கு வந்திருக்கிறார். அவர் ஆண்டு, அக்கிரமம் செய்து, செத்து, அடக்கமாகும் வரை எனக்கு ஃபேக்ஸ் கிடையாது.

பாபநாசத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, உரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருக்கிறது 'எபெனேசர் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., ஃபேக்ஸ்'. ஊருக்குள் வேறு பூத்துகளும் வந்துவிட்டன. ஆனால் ஃபேக்ஸ் இவரிடம்தான் இருக்கிறது என்பது என் தலையெழுத்து. தேவசித்தத்துக்கு ஐம்பத்தாறு வயது. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அதில் ஒன்று எழுதாது, ஆனாலும் எடுத்துப் போட மாட்டார். முன்பு ரைஸ்மில்லில் நெல் மூட்டைக்கு எடை போட்டுக்கொண்டிருந்தவர். நாலு மணிக்கு மில் சங்கு ஊதினால் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். இவர் மூட்டை மேல் உட்கார்ந்து ஓர் அதிகாரம் படிப்பார். மில்லை மூடிவிட்டார்கள். கிடைத்த பணத்தைப் போட்டு பூத் எடுத்தார். சங்கு போய்விட்டாலும் நாலு மணி மட்டும் போகவில்லை.

நாலு மணி என்றால் வளைகுடாவில் ஷிப்ட் மாறும் நேரம், இங்கே பெண்கள் வீட்டு வேலை முடித்து போன் பேச வரும் நேரம். வியாபாரம் தெரிந்த எவனும் அந்த நேரத்தில் கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டான். இவரும் எழுந்திருப்பதில்லைதான். கல்லாவிலேயே உட்கார்ந்து படிக்கிறார், அதுவும் வாய்விட்டு. "வாசிக்கிறதுன்னா நம்ம காதுலயே விழணும் சார். கண்ணு ஏமாத்திப்புடும், நாக்கு ஏமாத்தாது" என்பார். ஆதியாகமத்தில் தொடங்கி நாளுக்கு ஓர் அதிகாரமாகக் கடைசி வரை போக மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. முடித்த மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து. இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று பெயர்களாகவே ஓடும் பக்கங்களைக்கூட விடுவதில்லை. "நம்ம பேர விட்டுட்டு ரேஷன் கார்டு போட்டா நமக்குக் கோவம் வருதுல்ல?" என்று கேட்பார்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இன்னொரு விதி. நடுவில் யாராவது கூப்பிட்டு இவர் பதில் சொல்லும்படி ஆகிவிட்டால், அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து ஆரம்பிப்பார். அவசரக்காரர்கள் அவசரப்பட அவசரப்பட அதிகாரம் நீண்டுகொண்டே போகும். சங்கீதத்தில் நூற்றுப் பத்தொன்பதாவது வந்த நாள் இன்னும் இந்தக் கடைத்தெருவில் பேசப்படுகிறது. வேதத்திலேயே நீளமான அதிகாரம் அதுதானாம். ஏழு முறை முதலிலிருந்து ஆரம்பித்தாராம். கடைசியில் சைக்கிள் கடைக்காரர் வந்து வாசலில் நின்று, யாரும் உள்ளே போகாதபடி ஆள் மறித்து, அதை முடிக்க வைத்தார்.

பழகியவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ராஜகிரியிலிருந்து வரும் கமருன்னிஸா, ஜித்தாவில் இருக்கும் மகனோடு பேச வெள்ளிக்கிழமைதோறும் வருவார். நாலு அடிக்கும் முன்பே வந்து, படி ஏறும்போதே குரல் கொடுப்பார்: "அண்ணே, இன்னிக்குப் பெருசா, சின்னதா?"

"சின்னதுதான் தங்கச்சி, ஒக்காருங்க."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க. எங்க மாமாவும்தான் நாள் தவறாம ஓதுவாங்க. ஆனா கடைய வச்சிக்கிட்டு ஓத மாட்டாங்கண்ணே."

படித்ததை வைத்துக்கொண்டு சும்மாவும் இருக்க மாட்டார். நோவாவின் பேழை முந்நூறு முழம் என்று படித்துவிட்டு, அது எவ்வளவு பெரிது என்று பார்க்க ஆசைப்பட்டார். அறுப்பு முடிந்த வயலில் கயிற்றில் முழம் முழமாக முடிச்சுப் போட்டு அளந்தார். பேழையின் பின்பக்கம் வாய்க்காலைத் தாண்டி வீரையன் வயலுக்குள் போய்விட்டது. அங்கே உளுந்து முளைத்திருந்தது. மிதித்தார் என்று சண்டை. "நோவாவுக்கு இந்த வீரையன் மாதிரி பக்கத்து வயல்காரன் இருந்திருந்தா மனுச குலமே மிஞ்சியிருக்காது" என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுப்பது வழக்கம். தேவசித்தம் வரிசையில் இருப்பது தெரிந்தால் அவர் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுகிறார். நோவாவின் பெண்டாட்டி பேர் என்ன என்று இவர் ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தால் அவரும் என்ன செய்வார்? அது எங்கேயும் எழுதப்படவே இல்லையாம்.

"எட்டாம் கிளாசோட படிப்பு நின்னுபோச்சு சார். இது நிக்காத படிப்பு. பரீட்சையே செத்தப்புறம்தான்" என்று ஒருநாள் சொன்னார். அதைக் கேட்டபோது மட்டும் மனுஷர் மேல் எனக்குப் பிரியம் வந்தது. பத்து நிமிஷம் இருந்திருக்கும். அதற்குள் என் ஃபேக்ஸ் தாளை மெஷினில் தலைகீழாகச் செருகிவிட்டார்.

இவருடைய ஒரே மகன் எட்வின். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, போன ஐப்பசியில் ஷார்ஜாவுக்குப் போனான். கட்டடங்களுக்குக் குளிர்சாதனக் குழாய் பொருத்தும் வேலை. புறப்படும்போது எல்லாத் தகப்பன்மாரும் எதையாவது சொல்லி அனுப்புவார்கள். இவர் பெட்டியில் ஒரு சின்ன வேதப்புத்தகத்தை வைத்து, ஓர் ஒப்பந்தமும் போட்டு அனுப்பினார். அன்றிலிருந்து இரண்டு பேரும் புதிதாக ஆதியாகமத்திலிருந்து தொடங்க வேண்டும்; இவர் இங்கே படிக்கும் அதே அதிகாரத்தை அதே நாளில் அவன் அங்கே படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்கு இவர் படித்து முடிக்கும் நேரம் பார்த்து போன் செய்வான்.

போன் வந்தால், உடம்பு எப்படி, வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று பெற்றவர்கள் கேட்பார்களா இல்லையா? இவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "எந்த அதிகாரம்?" அவன் சொன்னதும் அதிலிருந்து ஒரு கேள்வி. பக்கத்தில் அவருடைய மனைவி தங்கமணி, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு ரிசீவருக்காக நிற்பார். அந்த அம்மாள் கைக்கு அது வந்து சேரும்போது அவனுடைய கார்டில் காசு தீர்ந்திருக்கும். வாரம் ஒருமுறை வந்த போன் மாதம் ஒருமுறை ஆனது. ஏன் என்று எனக்குத் தெரிந்தது, கமருன்னிஸாவுக்குத் தெரிந்தது, சைக்கிள் கடைக்காரருக்குக்கூடத் தெரிந்தது.

மேட்டூர் திறந்து, குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம் அது. எட்வின் கூப்பிட்டான். ரூத்தின் சரித்திரம் படிப்பதாகச் சொன்னான். "சரி, நகோமி குடும்பம் எதுக்கு ஊர விட்டுப் போச்சு?" என்று இவர் கேட்டார். அவன், "ஏதோ சண்டையில போச்சுப்பா" என்றான் போலிருக்கிறது. "நீ படிக்கல. படிச்சிட்டுப் பேசு" என்று ரிசீவரை வைத்துவிட்டார். நான் கடையில்தான் இருந்தேன். நகோமி குடும்பம் பஞ்சம் பிழைக்க வேற்று நாட்டுக்குப் போனது என்பதுதான் விடையாம். பஞ்சம் பிழைக்க வேற்று நாட்டில் நிற்கிற பையனிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில், ஃபேக்ஸ் வேண்டாம் என்று தாளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எட்வினிடமிருந்து போன் இல்லை. நடவு முடிந்தது, களை எடுத்தார்கள், கதிர் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தங்கமணி சாப்பாட்டு கேரியரோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கடை அடைக்கும் வரை டெலிபோனையே பார்த்துக்கொண்டிருப்பார். அவன் தங்கியிருக்கும் இடத்தில் போன் கிடையாது, இங்கிருந்து கூப்பிட வழியில்லை. "ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசியிருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"படிக்கலேன்னா படிக்கலேன்னு சொல்ல வேண்டியதுதானே சார்? வேதத்த வச்சிக்கிட்டுப் பொய் சொல்றான். அதான் எனக்குத் தாங்கல."

"நீங்க கேக்குற கேள்விக்குப் பயந்துதான் பொய் சொல்றான்."

"அவன விட்டா என்கூட ஒண்ணா படிக்கிறதுக்கு யாரு சார் இருக்கா?" என்றார். கல்லில் நார் உரிக்கிற வேலை என்று விட்டுவிட்டேன்.

தங்கமணி விடவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாக மாற்றி மாற்றி வாசிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். இவர் ஒன்று, அந்த அம்மாள் ஒன்று. குறுவை அறுப்பு தொடங்கிய வாரம், தன் முறை வந்தபோது அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. இவர் காத்திருந்தார். சோறு ஆறியது. "எம்புள்ள குரல நான் கேக்குற வரைக்கும் எங்குரல நீங்க கேக்க வேணாம். ரெண்டு வசனத்தையும் நீங்களே படிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டாராம். இதைக் கடையில் வைத்து என்னிடம் சொன்னது தேவசித்தமே. அன்றிலிருந்து வீட்டில் எந்த அதிகாரமும் நிறையவில்லை என்று சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை. நன்றாக வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை. இராஜாக்களின் புத்தகத்தில் ஓர் அதிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேக்ஸ் மெஷினில் தாள் இருக்கிறதா என்று நான் கேட்டுவிட்டேன். முதலிலிருந்து ஆரம்பித்தார். கமருன்னிஸா சில்லறை கேட்டார். மறுபடியும் முதலிலிருந்து. மூன்றாவது முறை பாதி வழியில் போகும்போது டெலிபோன் அடித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் நீளமான மணி.

தேவசித்தத்தின் விரல் வரியை விட்டு நகரவில்லை. குரல் மட்டும் வேகம் எடுத்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடுங்கண்ணே! ஒங்க புள்ளயா இருக்கும், எடுங்க!" என்று கமருன்னிஸா கத்தினார். இவர் நாலு நாலு வார்த்தையாக விழுங்கி ஓடினார். தங்கமணி எழுந்தார். கேரியர் உருண்டது. கல்லாவின் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், புருஷனின் தோளை ஒரு பக்கமாகத் தள்ளி, ரிசீவரை எடுத்தார்.

"தம்பி... ராசா... சாப்ட்டியாப்பா?"

அதற்கு மேல் அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி புருஷனிடம் சொன்னார்: "தை மாசத்தோடயே நிறுத்திட்டானாம். லேவியராகமத்தத் தாண்டவே இல்லயாம். மாடி மேல வெயில்ல நின்னுட்டு வந்து, புத்தகத்தப் பிரிச்சு நெஞ்சுல வச்சா தூங்கிப்போறானாம். ஒங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் கூப்பிடலையாம். அப்பா பேசுவாரான்னு கேக்குறான். என்னா சொல்லட்டும்?"

தேவசித்தம் நிறுத்தியிருந்தார். அந்த ராஜா செத்தாரா இல்லையா என்று தெரியவில்லை. கையை நீட்டி ரிசீவரை வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"லேவியராகமத்துல எந்த அதிகாரம்?"

கமருன்னிஸா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அந்த டெலிபோனைப் பிடுங்கி இவர் மண்டையிலேயே போடலாம் போலிருந்தது. இத்தனை மாதம் கழித்துப் பேசுகிற பிள்ளையிடம் இப்போதும் இதுதானா? அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில் ஏதோ வந்தது. "பதிமூணா" என்றார் இவர். தோலில் தடிப்பு, வெள்ளை, சொறி என்று ஆசாரியன் பார்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நீளமான அதிகாரம் அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நானாக இருந்தாலும் அங்கேதான் தூங்கியிருப்பேன்.

கேள்வி வரும் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. இவர் ரிசீவரைத் தங்கமணியிடம் கொடுத்தார். "நீ பேசு. நான் பதிமூணுல இருக்கேன்னு சொல்லு."

பிறகு விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, இராஜாக்களிலிருந்து சாமுவேலுக்கும், சாமுவேலிலிருந்து ரூத்துக்கும், அங்கிருந்து இன்னும் பின்னால், லேவியராகமத்தை நோக்கி ஒவ்வொரு தாளாகத் திருப்பிக்கொண்டே போனார்.