தாமசம் ஒன்றும் இல்லை

எனக்குக் கிடைக்க வேண்டிய வீடு ஒரே ஒரு வார்த்தையால் கைநழுவிப் போகப் பார்த்தது. அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். திருவனந்தபுரத்தில் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை. என் கணவருக்குத் துணிக்கடையில் வேலை. நான் விடிவதற்கு முன்பே எழுந்து இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கு விற்பேன். கிரைண்டர் வாசலை ஒட்டிய சாய்ப்புக் கொட்டகையில் இருக்கும். எங்கள் அறை அதற்குப் பின்னால், வெளியே தெரியாது.

காலை ஆறு மணிக்கு முன்னால் எந்த மெஷினும் ஓடக் கூடாது என்று நகரத்தில் ஒரு விதி போட்டிருந்தார்கள். எங்கள் தெரு சங்கத்தின் செயலாளர், ரிட்டையரான அதிகாரி, அந்த விதியை என்மேல் மூன்று முறை ஏவினார். அவர் புகாரின் பேரில் வார்டு ஆபீசிலிருந்து என் பெயருக்கு மூன்று நோட்டீஸ் வந்தது. "தினமும் இது பெரிய சல்லியமாக்கும், கேட்டேளா" என்று என் கணவரை நிறுத்திச் சொல்வார். சல்லியம் என்றால் தொல்லை. அவர் மனைவி மட்டும் தூக்குவாளியோடு வந்து மாவு வாங்கிப் போவார். தொல்லை காதுக்குத்தான் போலிருக்கிறது, நாக்குக்கு இல்லை.

நோட்டீஸைப் பார்த்து மிரண்ட வீட்டுக்காரர் ஓணத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் வீடில்லாதவர்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கப் போவதாக அறிவித்தார்கள். அந்தந்த வார்டில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விண்ணப்பம் போட்டோம். அது கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஒரு நாள் காலை நான் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கையில் ஃபைலோடு ஒருவர் சாய்ப்பின் முன்னால் வந்து நின்றார்.

"இவிடெ தாமசமுண்டோ?" என்றார்.

எங்கள் ஊரில் தாமசம் என்றால் தாமதம். மாவு கிடைக்க நேரமாகுமா என்று கேட்கிறார் என நினைத்தேன்.

"தாமசம் ஒண்ணும் இல்ல சார், இப்பவே தாரேன். பாத்திரம் கொண்டாந்திருக்கியளா?"

அவர் மாவுச் சட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃபைலில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். பாத்திரம் எடுக்கப் போகிறார் என்று அரை மணி நேரம் காத்திருந்தேன்.

பட்டியல் வந்தபோது என் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. காரணம், மனுதாரர் அங்கே குடியிருக்கவில்லை. இங்கே தாமசம் என்றால் குடியிருப்பது, ஃபைலோடு வந்தவர் அதைத்தான் விசாரித்திருக்கிறார் என்று என் கணவர் சொன்னதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"விட்டுரு, அடுத்த தடவை பாப்போம்" என்றார் அவர்.

அடுத்த தடவைவரை நடுத்தெருவில் நிற்க நான் தயாராக இல்லை. ஆனால் கையில் என்ன அத்தாட்சி இருந்தது? ரேஷன் கார்டு ஊர் விலாசத்தில். வாடகைச் சீட்டு எழுதித் தர வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். என் பெயரும் அந்தக் கதவு நம்பரும் சேர்ந்திருந்த காகிதம் இந்த நகரத்தில் மூன்றே மூன்றுதான். மூன்றும் நோட்டீஸ். மலையாளம் படிக்கத் தெரிந்த கணவரிடம் கொடுத்தேன். "மேற்படி வீட்டில் தாமசிக்கும் நீங்கள்" என்று ஆரம்பித்தது.

மறுநாளே வார்டு ஆபீசுக்குப் போய், மூன்றையும் மேஜைமேல் வைத்தேன். அங்கிருந்த அதிகாரி தமிழ் பேசினார்.

"இதைக் காட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி. கிரைண்டரையே எடுத்துக்கொண்டு போகலாம், தெரியுமா?"

பயம் இருந்தது. கிரைண்டர் போனால் பாதிச் சோறு போகும். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"மூணும் உண்மை சார். விடியுமுன்ன அரைச்சது நான்தான். அங்க குடியில்லாதவ அந்நேரம் அங்க எப்படி சத்தம் போடுவா? நோட்டீஸ் குடுக்க நான் அங்க இருக்கேன், வீடு குடுக்க மட்டும் இல்லையா?"

அவர் காகிதங்களை என் பக்கம் தள்ளினார். நான் அங்கேதான் குடியிருக்கிறேன் என்று புகார் கொடுத்தவரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். நான் நேரே செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் மூன்று நோட்டீஸையும் இரண்டு முறை படித்தார். நான் அங்கே குடியில்லை என்றால் அவருடைய மூன்று புகாரும் பொய்யாகிவிடும்.

"நீ ஆள் கொள்ளாமே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இந்த ஊரில் அது பாராட்டு.

ஆறுக்கு முன் அரைக்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, என் பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள். ஓணத்துக்கு முன்பே நான்காவது மாடிக்குக் குடிபோனோம். முதல் நாள் காலை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, சரியாக ஆறு அடித்ததும் சுவிட்சைப் போட்டேன். பத்து நிமிடத்தில் கீழ்வீட்டுப் பெண் படியேறி வந்தார். இந்தச் சத்தத்தைப் பற்றி எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

"குடுங்க அக்கா" என்றேன். "கதவு நம்பரை மட்டும் சரியா எழுதுங்க."