வாய்க்காலுக்குள் கட்டிய ஊர்

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் நடந்தது இது. பாபநாசம் கும்பகோணம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வயல்களுக்கு நடுவே நடந்தால் வரும் சின்ன ஊர் எங்களுடையது. நான் கத்தாரிலிருந்து திரும்பி வந்திருந்தேன். எங்கள் ஊரைப் பொறுத்தவரை கடலைத் தாண்டினால் எல்லாமே துபாய்தான். அதனால் எனக்குத் துபாய்க்காரர் என்றே பெயர்.

அங்கே எனக்குப் பெரிய கட்டடங்களில் ஏசி காற்று போகும் தகரக் குழாய்களை வெட்டி, மடக்கி, கூரைக்கு அடியில் மாட்டுகிற வேலை. வருடக்கணக்காக அண்ணாந்து நின்றதில் முதுகெலும்பில் டிஸ்க் விலகிவிட்டது. எங்கள் கேம்ப்பில் சமைத்துப் போட்டவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: "உடம்பு நல்ல வேலைக்காரன்தாங்க. ஆனா நிக்கணும்னு நெனச்சா நம்மகிட்ட லீவு கேக்காது, அது பாட்டுக்கு நின்னுக்கும்." என் உடம்பும் அப்படித்தான் நின்றுகொண்டது. இனி அண்ணாந்து வேலை செய்யவே கூடாது என்று டாக்டர் சொல்ல, திரும்பிப் போவதில்லை என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம்.

அதை நம்பாதவள் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த எங்கள் ஒரே மகள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்த அப்பா பெட்டியோடு வந்து, பெட்டியோடு போகிறவர். "அப்பா இனிமே போவமாட்டேம்மா" என்று நான் சொன்னால், "சரிப்பா" என்பாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி, இன்னும் ரெண்டு நாள் இருந்து போகிறேன் என்றால் நாம் ஒரு 'சரி' சொல்வோமே, அந்த மாதிரி. அந்தக் கோடை முழுக்க எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். முதுகு வலியைவிட அது பெரிய வலி.

மனைவி கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தாள். வைகாசி முகூர்த்த நேரம். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். செருப்பைக் கழற்றும்போதே முகம் சுருங்கும். "நிக்கும்போது ஒண்ணும் தெரியலங்க, உக்காந்தாத்தான் உயிர் போவுது" என்பாள். அதனால் பகலெல்லாம் வீட்டில் நானும் மகளும்தான். நான் தரையில் பாய் விரித்து மல்லாந்து கிடப்பேன். அவள் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். ஃபேன் மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் கொல்லையில் விழுந்த தென்னை மட்டையிலிருந்து ஒரு ஓலையைக் கிழித்து, படுத்தபடியே ஒரு வாட்ச் பின்னி அவள் கையில் கட்டினேன். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாம்பு செய்யத் தெரியுமாப்பா?" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. ஓலைப் பாம்பு, குரும்பையில் ஈர்க்குச்சி குத்திய தேர், பழைய கல்யாண பேனரில் பட்டம் என்று தினமும் ஒன்று செய்தோம். எண்ணெய் டின்னை வெட்டி நான் ஒரு பஸ் செய்தேன். தகரம் என் தொழில் அல்லவா, மூலை மடிப்பெல்லாம் கம்பெனி பஸ் மாதிரி வந்தது. முன்னால் 'கும்பகோணம்' என்று அவள் பெயின்ட்டில் எழுதினாள்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். எதை ஆரம்பித்தாலும், "இன்னைக்கே முடிஞ்சிருமாப்பா?" என்று கேட்பாள். முடியாது என்றால் வேறு ஏதாவது செய்யலாம் என்பாள். பஸ்ஸுக்குக் கதவு மறுநாள் வைக்கிறேன் என்றேன். "கதவு வேணாம்ப்பா, டவுன் பஸ்ஸுக்கு ஏது கதவு" என்று சொல்லி முடித்துவிட்டாள். அவசரக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். கோடையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. பூவரச மரம் ஒன்று அதன் மேல் சாய்ந்து நிழல் தரும். தரையில் களிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தாலும், தோண்டினால் அடியில் ஈரம் இருக்கும். வீட்டைவிட அங்கே குளுமை. முதுகுக்கும் அந்த மண் இதமாக இருந்தது. அங்கே போய்க் களிமண்ணில் ஒரு வீடு செய்தோம். அதற்குப் பக்கத்தில் ஒரு வீடு. பிறகு தெரு. சாயங்காலம் அவள் எழுந்து கையைத் தட்டிவிட்டு, "மீதிய நாளைக்குச் செய்யலாம்" என்றாள்.

அவள் வாயில் 'நாளைக்கு' என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். அது எவ்வளவு பெரிய சொல் என்று அடுத்த சில நாட்களில் புரிந்தது.

ஊர் வளர்ந்தது. கோவில், குளம், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் வந்தன. தகர பஸ் தெருவில் நின்றது. மனைவி கடையிலிருந்து அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்தாள். அதில் அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையை மாடி வைத்துக் கட்டினோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிடுவாள்.

"அந்தக் கடைக்குள்ள ஒரு ஸ்டூல் போடுங்க" என்றாள் ஒருநாள். "எங்க மொதலாளிக்குத்தான் தோணல. உங்களுக்காவது தோணட்டும்."

"ஒண்ணு போதுமாம்மா, எல்லாருக்கும் போடவா?" என்று கேட்டாள் மகள்.

"எல்லாருக்கும் போடு. ஆனா எனக்கு மட்டும் சாஞ்சிக்கிற மாதிரி போடு."

மூன்று பேரும் சிரித்தோம். களைப்பாக இருக்கும்போது வருமே, சத்தமில்லாத சிரிப்பு, அது.

வடக்குப் பக்கம் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு ஏர்போர்ட் கட்டலாமா என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். அவள் தலையைத் தூக்காமல், "இந்த ஊருக்கு ஏர்போர்ட் வேணாம்ப்பா" என்றாள். சுவரைத் தடவிக்கொண்டிருந்த விரல் நிற்கவில்லை. எதையும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று ஏன் கேட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஊர் முழுசாகக் கட்டி முடியும் வரை நான் இங்கேயே இருந்தால் நம்பிவிடுவாள் என்று தோன்றியது. அதனால் எனக்கும் அதன் மேல் ஒரு வெறி வந்துவிட்டது.

அந்த வருடம் மேட்டூர் அணை வழக்கத்துக்கு முன்னாலேயே நிரம்பி, சீக்கிரமே திறந்துவிட்டார்கள். கல்லணையும் திறந்தாயிற்று என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. எங்கள் ஊர் வாய்க்காலுக்குக் கடைசி ஊர். மேலே உள்ளவர்களுக்கெல்லாம் பாய்ந்து, சண்டையும் முடிந்து, எங்களுக்குத் தண்ணீர் வருவதற்குள் ஆடி பிறந்துவிடும். சின்ன வயதிலிருந்து பார்த்த கணக்கு. இங்கே பிறந்த எவனும் அந்தக் கணக்கைத்தான் போடுவான். ஆனால் அந்த முறை பொக்லைன் விட்டு மேலே பூராவும் தூர்வாரியிருந்தார்கள். ஊரில் இல்லாதவனுக்கு அது எங்கே தெரியும்.

ஒருநாள் காலை நாங்கள் குளத்துக்குப் படி வைத்துக்கொண்டிருந்தோம். மேற்கே இருந்து எறும்பும் பூரானுமாக வாய்க்காலில் ஓடி வந்தன. என்னவென்று எட்டிப் பார்த்தால், வளைவில் நுரையும் சருகும் பாட்டிலும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வருகிறது. வேகமில்லை. கணுக்கால் அளவுதான். ஒருவர் நடந்து வருவதுபோல வந்தது.

"பஸ்ஸையும் அட்டைக் கடையையும் தூக்கிக்கிட்டு மேல போ" என்று மகளிடம் சொன்னேன். அவற்றைத் தூக்கலாம். தரையோடு ஒட்டிய களிமண் வீடுகளை என்ன செய்வது? மண்வெட்டியை எடுத்து, ஊருக்கு மேற்கே வாய்க்காலை மறித்து வரப்புப் போட ஆரம்பித்தேன். வெட்டி வெட்டிப் போட்டேன். முதுகு கத்தியது. தண்ணீர் வந்து வரப்பில் முட்டி நின்றது. நின்றதும் எனக்கு ஆசை கூடிவிட்டது. இன்னும் உயர்த்தி, பக்கத்துத் தரிசில் திருப்பிவிட்டால் ஊர் தப்பிக்கும் என்று நினைத்தேன். டெல்டாவில் பிறந்தவன், முதல் தண்ணீரை வாய்க்காலில் மறித்துக்கொண்டு நிற்கிறேன். அது எனக்கு உறைக்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் கிழக்கே இருந்து கரையோரமாக ஒரு அக்கா வந்தார். எங்களுக்கு அடுத்த வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர். தலையில் ஈரச் சாக்கு. தண்ணீர் வந்துவிட்டது என்று போன் வந்தும் தன் மடைக்கு வராததைப் பார்த்து ஏறி வந்திருக்கிறார். வரப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மண் வீடுகளைப் பார்த்தார்.

"ஏந் தம்பி, துபாயில தண்ணிக்கு இப்புடித்தான் வேலி போடுவாங்களா?"

"கொஞ்ச நேரங்க்கா. புள்ள கட்டுனது. எடுத்துட்டு விட்டுர்றேன்."

"எத எடுப்ப? கோவிலையா, கொளத்தையா?"

அவர் சண்டை போடவில்லை. அதற்கான தெம்பு அவரிடமும் இல்லை போல. சாக்கை மெதுவாகக் கரையில் இறக்கி வைத்து உட்கார்ந்தார். "பக்கத்துல போர் வெச்சிருக்கவங்க எல்லாம் நாத்து விட்டுட்டாங்க. நான் இந்தத் தண்ணிய நம்பி விதைய ஊற வெச்சேன். மொள வந்து நிக்கிது" என்றார். பிறகு என் மகளைக் கூப்பிட்டார். "வாடி கண்ணு, இதுல கைய வுட்டுப் பாரு."

அவள் சாக்குக்குள் கையை விட்டாள். சட்டென்று வெளியே எடுத்தாள்.

"சுடுது அத்தை."

"ஆமா. நெல்லு மொளைக்கயில சுடும். இப்ப சேத்துல தெளிச்சிட்டாப் பொழச்சிக்கும். பொழுது போவ விட்டா உள்ளயே வெந்து போயிரும்."

மகள் மறுபடியும் கையை விட்டு, இந்த முறை கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். வெளியே எடுத்து, விரலில் ஒட்டிய ஒரு நெல்லில் வெள்ளையாக எட்டிப் பார்த்த முளையைப் பார்த்தாள். பிறகு வாய்க்காலில் இறங்கி என்னிடம் வந்து மண்வெட்டியை வாங்கினாள்.

"நீங்க மேல போயி ஒக்காருங்கப்பா."

"இரும்மா, அப்பா அந்தப் பக்கமா திருப்பி விடறேன்."

"வேணாம்ப்பா. வெந்து போயிரும்."

அவளுக்கு மண்வெட்டி பெரிது. இரண்டு கையாலும் தூக்கி நடுவில் ஒரு வெட்டு போட்டாள். அதற்கப்புறம் தண்ணீரே பார்த்துக்கொண்டது. முதலில் குளம் நிரம்பியது. நாங்கள் வெட்டிய குளம் ஒரு நிமிடம் உண்மையான குளமாக இருந்தது. பிறகு தெரு, ரேஷன் கடை, கோவில். எங்கள் வீடு என்று அவள் வைத்திருந்தது கடைசியில் கரைந்தது. அக்கா சாக்கிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து அவள் கையில் கொடுத்து, போகிற தண்ணீரில் போடச் சொன்னார். முதல் தண்ணீருக்கு எங்கள் பக்கம் அப்படிச் செய்வது உண்டு. போட்டாள். அக்கா சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரோடு கூடவே கிழக்கே போனார்.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் போகமாட்டேன் என்பதற்கு அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஒரே சாட்சி கரைந்து போய்விட்டதே என்று நான்தான் கரையில் நொறுங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவும் முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் மனைவி வந்து, ஊர் இருந்த இடத்தைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் தண்ணீரில் தொங்கவிட்டாள். "அப்பாடி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். மகளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலை விட்டாள். தூரத்தில் அந்த அக்கா நாற்றங்காலில் குனிந்து விதை தெளித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"அத்தை நெல்லு எப்பப்பா அறுப்பாங்க?" என்று மகள் கேட்டாள்.

"புரட்டாசி ஆவும்மா."

"அதுக்கப்புறம் வாய்க்கா காஞ்சிருமா?"

"இல்லம்மா. சம்பாவுக்கும் தண்ணி ஓடணும்ல. தையிலதான் மேட்டூர மூடுவாங்க. மாசியில காயும்."

அவள் விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். இரண்டு கைவிரலும் வேண்டியிருந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "சரிப்பா, அப்ப மாசியில கட்டலாம். இந்தத் தடவ கொளத்த இன்னும் ஆழமா வெட்டணும்" என்றாள்.

மனைவி கண்ணைத் திறக்காமலே என் கையைத் தொட்டாள்.

இப்போது கும்பகோணத்தில் ஒரு ஏசி ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறேன். வருமானம் குறைவு, முதுகு வலி குறையவில்லை, சாயங்கால பஸ்ஸில் நானும் மனைவியும் ஒருவர் தோளில் ஒருவர் தூங்கிக்கொண்டே ஊர் வருகிறோம். ஆனாலும் ஒரு குழந்தை, தன் அப்பா இருப்பார் என்று எண்ணி, கண்ணுக்கெட்டாத ஒரு மாசி மாதத்துக்கு வேலை ஒதுக்கி வைத்தாளே, அதைவிடப் பெரிய மரியாதையை இத்தனை வருட உழைப்பில் யாரும் எனக்குச் செய்ததில்லை.