ஃபைபரா டிரிட்டியமா

நான் என் வாழ்நாளில் ஒரு துவக்கைத் தொட்டதில்லை. ஆனால் பிஸ்டலின் மேல் குறிபார்ப்பதற்காகப் பொருத்தும் சின்ன இரும்புத் துண்டுகளைப் பற்றி, அந்த நாளில் கொழும்பில் என்னைவிட அதிகம் தெரிந்த பெண் ஒருத்தி இருந்திருப்பாள் என்று நான் நம்பவில்லை. இதைச் சொன்னால் என் அக்கா இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வாள். யுத்தத்தின் கடைசி வருடங்களில், வெள்ளவத்தையில் அவளுடைய வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுத் தங்கியிருந்த தமிழ்ப் பெண் சேர்த்துவைக்க வேண்டிய அறிவா அது?

நானாகத் தேடிப் போகவில்லை. எங்கள் அலுவலகம் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது. வெளிநாட்டுக் கம்பனிகளின் சாமான்களுக்கு இங்கே வாங்குபவர்களைப் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் எடுக்கும் ஏஜென்சி. தண்ணீர்ப் பம்பி, தராசு, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று எது வந்தாலும் அதன் புத்தகத்தைப் படித்து, வாங்குகிறவருக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில் எழுதுவது நான். ஆனால் சம்பளத் துண்டில் என் பதவி டைப்பிஸ்ட். எங்கள் முதலாளி கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கத் தமிழர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் முழுதாகப் படிக்கப் பொறுமை கிடையாது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி விலை இருக்கிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான்.

அந்த முறை கேட்டது ஒரு தனியார் பாதுகாப்புக் கம்பனி. வங்கிக் காசு கொண்டுபோகும் வான்களுக்கும் பெரிய மனிதர்களின் வீடுகளுக்கும் ஆள் அனுப்புகிறவர்கள். அவர்களுடைய காவலாளிகளிடம் பிஸ்டல் இருந்தது. இருட்டினால் அதில் குறிபார்க்கும் சைட் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் முறைப்பாடு. இருட்டில் தெரிகிற சைட் இரண்டு வகை உண்டு. எது நல்லது என்று ஒப்பிட்டு எழுதித் தரச் சொன்னார்கள். மாதிரிக்கு இரண்டு வகையிலும் ஒவ்வொரு சோடி சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் வந்தது. முதலாளி அதைத் திறக்காமலே என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பிடித்த வேலை அது. பொய் சொல்லக் கூடாது, எழுதத் தொடங்கியபின் சாப்பாட்டையே மறந்தேன். ஃபைபர் ஒப்டிக் என்பது ஒரு மெல்லிய நிறப் பிளாஸ்டிக் குச்சி. பக்கவாட்டில் விழுகிற வெளிச்சத்தைக் குடித்து நுனியில் புள்ளியாகக் காட்டும். ஜன்னலடியில் வைத்தால் அந்தச் சிவப்புப் புள்ளி கண்ணைக் குத்தும். விலை குறைவு, உடைந்தாலும் குச்சியை மாற்றலாம். டிரிட்டியம் அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவை அரிசிமணியிலும் சின்னக் கண்ணாடிக் குழாயில் அடைத்திருப்பார்கள். அது யாரிடமும் வெளிச்சம் கேட்காமல் தானாகவே மினுங்கும். பகலில் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். பன்னிரண்டு வருடம் போல ஆனால் ஒளி பாதியாகும். கதிரியக்கச் சாமான் என்பதால் இறக்குமதிக்குத் தனி அனுமதி எடுக்க வேண்டும், விலையும் ஏறத்தாழ இரட்டிப்பு.

புத்தகத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. ஒரு மத்தியானம் இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு, கடதாசி அடுக்கும் அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். ஜன்னலடியில் அத்தனை ஆட்டம் போட்ட ஃபைபர் அந்த நிமிடமே செத்துவிட்டது. டிரிட்டியத்தின் மூன்று பச்சைப் புள்ளிகளும், முன்னால் ஒன்று பின்னால் இரண்டு என்று, அமைதியாக எரிந்துகொண்டிருந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் அலுவலகத்துச் சிங்களத் தம்பி கதவைத் திறந்துவிட்டான். அவன் விற்பனைக்கு ஓடித்திரிகிறவன், நான் சிங்களத்தில் தம்பி என்று அர்த்தப்படும்படி மல்லி என்று கூப்பிடுவேன், அவன் என்னை அக்கே என்பான். அலமாரிக்குள் குந்தியிருந்த என்னைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பு கீழே துணிக்கடை வரை கேட்டிருக்கும். நீயும் வந்து பார் என்றேன். வேர்க்கிறது என்று போய்விட்டான்.

கீழே வாசலில் நின்ற காவலாளி முன்னாள் சிப்பாய். அவரிடமும் கேட்டேன். இருட்டில் தனக்கு முதலில் வேண்டியது டோர்ச் என்றார் அவர். சைட் எவ்வளவு மினுங்கினாலும் உன் துவக்கு எங்கே பார்க்கிறது என்பதைத்தான் சொல்லும், எதிரில் நிற்பது கள்வனா வீட்டுக்காரனா என்று சொல்லாது என்றார். அதையும் எழுதினேன். வெளிச்சமுள்ள இடத்தில் பகல் வேலைக்கு ஃபைபர் போதும், இருட்டில் நிற்கிறவனுக்கு டிரிட்டியமும் ஒரு டோர்ச்சும் என்று முடித்தேன். ஒரு பக்கம்தான். அந்தப் பக்கத்துக்கு ஒன்பது நாள் எடுத்தேன். அடியில் தயாரித்தவர் என்று என் முழுப் பெயரைப் போட்டேன். எட்டு வருடத்தில் முதல்முறை.

முதலாளி அன்றைக்கு அதிசயமாக முழுதையும் படித்தார். பிறகு பேனையை எடுத்து என் பெயரை வெட்டினார்.

"பிள்ளை, வேலை திறம். ஆனா இப்பிடிச் சாமானுக்கு எங்கட பேரைக் கண்டா கோப்பு மேசையை விட்டு எழும்பாது. என்ர பேரையே நான் போடுறேல்ல, தெரியும்தானே?"

தெரியும். எங்கள் கடிதத் தலைப்பில் அவருடைய சிங்களக் கூட்டாளியின் பெயர்தான் இருந்தது. துவக்கோடு சம்பந்தப்பட்ட கடதாசியில் தமிழ்ப் பெயர் வராமல் பார்த்துக்கொள்வது புறக்கோட்டையில் எல்லாத் தமிழ் முதலாளிகளுக்கும் பழகிப்போன விஷயம். மல்லியின் பெயர் போட்டார்கள். மல்லிக்கு ஃபைபருக்கும் டிரிட்டியத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கு ஆத்திரம் வந்தது. முதலாளியில் கோபமா, நாட்டில் கோபமா, அலமாரிக்குள் வேர்வையில் குந்தியிருந்த என்னிலேயே கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெட்டுப்படாத பிரதி ஒன்றை மட்டும் இன்னொரு தரம் அச்செடுத்து என் பைலுக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த பைலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்நாளில் கொழும்பில் தமிழர் எல்லோரிடமும் அப்படி ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் பதிவுத் துண்டு, வேலைக் கடிதம், கொழும்பில் இருப்பதற்கு என்ன காரணமோ அதற்கான அத்தாட்சி. கறி வாங்கப் போனாலும் அது கூடவே வரும். கேட்டால் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கக் கூடாது, எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்கள். முழு பைலையும் அப்படியே நீட்டிவிட வேண்டும். இதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் யார் என்று சொல்கிற கடதாசிகளோடு அந்தப் பக்கத்தையும் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எவ்வளவு பெரிய மடைத்தனம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மறுபடியும் பொலிஸ் பதிவு என்றார்கள். பிறர் வீட்டில் தங்கியிருக்கிற தமிழர்கள் எல்லோரும் நேரில் வர வேண்டுமாம். ஒரு கல்யாண மண்டபத்தில் மேசை போட்டிருந்தார்கள். வரிசையில் இரண்டு மணித்தியாலம் நின்று, என் முறை வந்ததும் வழக்கம்போல முழு பைலையும் நீட்டினேன். நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது. கை அந்தரத்தில் நின்றது. அதற்குள் கொன்ஸ்டபிள் வாங்கிவிட்டான்.

அவன் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தில் நின்றான். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பிஸ்டலின் படம் யாருக்கும் விளங்கும். அதை நான்தான் அழகுக்காகப் போட்டிருந்தேன். அவன் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டான். இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர், சத்தம் போடவில்லை. முழு இருட்டில் கைத்துவக்கால் குறிபார்ப்பது என்ற வரியை மெதுவாக வாசித்தார், பிறகு அடியில் இருந்த என் பெயரை வாசித்தார், பிறகு அடையாள அட்டையில் இருந்த அதே பெயரை வாசித்தார். இதை எழுதியது யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

எனக்குப் பின்னால் நின்ற அம்மா இரண்டு அடி தள்ளிப் போனார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒஃபிஸ் வேலை, எங்கள் முதலாளியிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் தனக்கு முன்னாலேயே முதலாளிக்கு டெலிபோன் எடுக்கச் சொன்னார்.

முதலாளிக்கு அரைச் சொல்லிலேயே விளங்கிவிட்டது. "பிள்ளை, நீர் டைப் பண்ணினது மட்டும்தான், வேற ஒண்டும் தெரியாது. நான் வரேல்ல, வந்தா ரெண்டு பேரையும் சேத்து இருத்துவாங்கள். மல்லியை அனுப்புறன்."

"ஓம் சேர்" என்றேன். இன்ஸ்பெக்டருக்கு முன்னால் தமிழில் அதற்குமேல் எதுவும் சொல்லத் துணிவில்லை.

என்னை மண்டபத்தின் மேடையில் இருத்தினார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்கிற பொன் நிறக் கால் வைத்த சிவப்பு நாற்காலி. முப்பத்தாறு வயதுவரை எனக்குக் கிடைக்காத இருக்கை. கீழே வெள்ளவத்தைத் தமிழர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தும் பார்க்காமலும் வரிசையில் நகர்ந்தார்கள். பயந்தேன், அதை மறைக்கப் போவதில்லை. இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போய் மாதக்கணக்கில் திரும்பாதவர்களை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்று குமைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து என் பெயரை வெட்டினார்கள் என்று அத்தனை ஆத்திரப்பட்டேன். இப்போது அதை எழுதியது நானே இல்லை என்று நிரூபிக்க ஆள் வர வேண்டும்.

மல்லி ஓடித்தான் வந்தான். சேர்ட் முழுக்க வேர்வை. கம்பனிக் கடிதமும் அவனுடைய பெயர் போட்ட பிரதியும் கொண்டுவந்திருந்தான். எழுதியது தான், இந்த அக்கா டைப்பிஸ்ட், டைப் பண்ணுகிறவரின் பெயரை அடியில் போடுவது எங்கள் ஒஃபிஸ் வழக்கம் என்று ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னான். இல்லாத வழக்கத்தை இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். ஓம், டைப் பண்ணியது மட்டும்தான் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் பைலைத் திருப்பித் தந்தார். அந்தப் பக்கத்தைத் தரவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு உண்மையாகவே தேவை இருந்தது. இரவில் தான் கடமைக்கு நிற்கிற தடையரணில் விளக்கே இல்லை, தன் பிஸ்டலின் முன் சைட் எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை, சொந்தக் காசில் ஒன்று வாங்கப் போகிறாராம், எது நல்லது என்று மல்லியிடம் கேட்டார். பொலிஸ்காரர் மாதிரி இல்லை, கடையில் மின்விசிறி விசாரிக்கிறவர் மாதிரிக் கேட்டார்.

மல்லி என் பக்கம் கண்ணை ஓட்டினான். நான் அசையவில்லை, அசைந்தால் எல்லாம் போகும். அவன் அலுவலக டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்ததை நினைத்துக்கொண்டு, ஃபைபர்தான் சேர், நல்ல வெளிச்சம், பன்னிரண்டு வருடம் எரியும் என்றான்.

இரண்டையும் கலந்து தலைகீழாக்கிவிட்டான். விளக்கில்லாத இடத்தில் ஒன்றுக்கும் உதவாததை ஒரு மனிதனின் கையில் கொடுக்கிறான். ஒன்பது நாள், அலமாரி, அந்தச் சிப்பாய், எல்லாம் என் நாக்கு நுனி வரை வந்தன. இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு, மரியாதைக்காக என்னிடமும் திரும்பினார். மிஸ், நீங்கள்தானே டைப் பண்ணினீர்கள், அதில் எது நல்லதென்று இருந்தது என்று கேட்டார்.

"தன்னே நே சேர்" என்றேன். எனக்குத் தெரியாது.

டைப்பிஸ்ட்மார் எதையும் வாசிப்பதில்லை என்று சொல்லி அவர் சிரித்தார். மல்லியும் சிரித்தான், சிரிக்க வேண்டியிருந்தது. நானும் சிரித்தேன்.

காலி வீதிக்கு வந்ததும் மல்லி, எப்படி அக்கே சமாளித்தேன் என்று பெருமையாகக் கேட்டான். அவன் வந்திருக்காவிட்டால் நான் அன்று வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன், அதனால் முதலில் நன்றி சொன்னேன். பிறகு பொறுக்க முடியாமல், இருட்டில் ஃபைபர் வேலை செய்யாது மடையா, டிரிட்டியம்தான் என்று தமிழிலேயே கத்தத் தொடங்கினேன். பத்து யார் தள்ளி மண் மூடைக்குப் பின்னால் நின்ற சிப்பாய் தலையைத் திருப்பிப் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டு அக்கா வீட்டுப் பக்கம் நடந்தேன்.