மாமாவுக்குப் போட்ட ஊசி

ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் ரத்னத்திடம் அகிம்சையைப் பற்றி எவ்வளவு நேரமும் பேசலாம். கொதிநீரில் போகும் பட்டுப்புழுவைப் பற்றிப் பேசினால் காபிகூடக் கிடைக்காது. நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள்; சுத்த சைவம்.

அவருடைய தங்கை மகள் வர்ஷா, ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் பார்மசிஸ்ட். மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை என்று உறவில் நினைப்பு. உண்மையில் அவள் டாக்டரோடு வார்டைச் சுற்றுகிறாள். அசையாமல் படுத்திருப்பவர் காலில் ரத்தம் உறையும். அது நுரையீரலுக்கு ஏறினால் ஆளே போய்விடுவார். யாருக்கு அந்த ஆபத்து, எந்தத் தடுப்பு ஊசி என்று டாக்டருக்குச் சொல்வது அவள்தான்.

வழக்கமான ஊசிமருந்து பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோயாளியிடம் அதைச் சொல்லிவிடுவாள். இடுப்பு முறிந்து ரத்னம் அறுவை சிகிச்சைக்குப்பின் படுத்தபோது மட்டும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாகச் சொன்னாள். மாமாவாயிற்றே, அவர் கௌரவத்தைப் பார்த்தாள். செயற்கையாகத் தயாரித்தது வேலூரிலிருந்து நாளைதான் வரும், இன்றைக்கு ஒரு வேளை இது, வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றாள்.

"போடச் சொல்லு. வெளிய மட்டும் வாயத் தொறக்காத."

வாக்குக் கொடுத்தாள்.

மறுநாள் மெடிக்கல் ஷாப் ஹேமசந்திரன் பார்க்க வந்தார். கோயில் நிர்வாகத்திலும் இருப்பவர். நேற்று என்ன ஊசி என்று நர்ஸிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். அது பன்றியிலிருந்து எடுத்தது, உனக்குத் தெரிந்துதான் போட்டார்களா என்றார்.

"எனக்கு என்னாங்க தெரியும்? மயக்கத்துல கெடந்தேன். இவதான் மறைச்சுப் போட்டுட்டா."

வர்ஷா கட்டிலருகேதான் நின்றாள். ஒரு வார்த்தை போதும். அதை அவள் சொல்லமாட்டாள் என்று தெரிந்துதான் மாமா பொய் சொன்னார். அவளுடைய நாணயத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. போர்வையை விலக்கி, கெண்டைக்காலை அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லம்மா என்றார், சுவரைப் பார்த்து.

அன்று காலையில்தான் பக்கத்துக் கட்டிலுக்குத் தொடையெலும்பு முறிவோடு காத்தாயி வந்திருந்தாள். நர்ஸ் அதே தடுப்பு ஊசியை வயிற்றில் போட நெருங்கியதும் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கிட்ட என்னாமா மறைக்கிற?"

வர்ஷா அவள் மகன் அருள்ராஜை உள்ளே கூப்பிட்டு, அந்த ஊசி எதற்கு, எதிலிருந்து எடுப்பது என்று இரண்டு கட்டிலுக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னாள். ரத்னம் கண்ணை மூடிக்கொண்டார். அருள்ராஜ் பொறுமையாகத்தான் கேட்டான்.

"நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா நீங்க மறைச்சுப் போட்டீங்கன்னு உங்க சொந்த மாமாவே சொல்லிகினு இருக்காரே. டாக்டர் வரட்டும், அவரையே கேட்டுக்கறோம்."

நர்ஸ் ஊசியை மூடினாள். டாக்டர் சாயங்காலம்தான் வருவார்.