சூடு ஆறுவதற்குள்

விஜயகலாவின் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. சில்வர் தட்டு பறந்து வந்து பட்ட இடம். வலது கைச் சுண்டுவிரல் மடங்காது. கதவிடுக்கில் வைத்து நசுக்கியது. முதுகில் என்ன இருக்கிறது என்பது பீலித் தண்ணீரில் அவளோடு குளிக்கும் பெண்களுக்கு மட்டும் தெரியும். இத்தனையும் எதற்காக என்று கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று உங்களுக்கே விளங்காது. சோறு ஆறிப்போனதற்காக!

கித்துல்கலப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அவர்கள் குடியிருக்கும் லயம். ஆம்பளை கை நனைக்காமல் பொம்பளை சாப்பிடக் கூடாது என்பது அந்த லயத்துச் சட்டம். எந்த மகராசன் போட்டானோ தெரியாது. அவள் புருஷன் இந்திரகுமார் ரப்பர் பால் வெட்டுகிறவன். வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அப்புறம் கசிப்புச் சாராயம். வீடு வந்து சேர ஏழரை, எட்டு ஆகும். அதுவரை மூடி வைத்த சட்டிக்கு முன்னால் தாயும் பதினொரு வயது மகள் சசியும் குந்தியிருப்பார்கள். பிள்ளை பசியில் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடும்.

வந்து சட்டியைத் தொட்டுப் பார்ப்பான். "ஏன்டி ஆறிக் கெடக்கு?" என்று ஓர் அறை. "நீங்க வர நேரமாச்சுங்க" என்றால் அதற்கு இன்னோர் அறை. ஒவ்வொரு முறையும் தோட்டத்து டிஸ்பென்சரியில் அவள் சொன்னது ஒரே பதில்தான்: "தவறி விழுந்துட்டேங்க." பதினாலு வருஷமாக ஒரு மனுஷி தவறி விழுந்துகொண்டே இருக்கிறாளே என்று மருந்து கட்டியவருக்கும் ஒரு கேள்வி வரவில்லை. நல்ல ஊர்!

போன வருஷம் ஆற்றோரத்து ஹோட்டல் ஒன்றில் அவளுக்குப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. படகு விட வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சமைக்கிறவர் இக்ராம் நானா. வாய் கெட்டவர், மனசு நல்லது. தட்டு எடுக்க வரும் பையன்கள் கொஞ்சம் தாமதித்தால் போதும், கரண்டியால் மேசையில் அடித்துக் கத்துவார்.

"மனுஷன் காத்திருப்பான்டா, பாஸ்டா காத்திருக்காது! அஞ்சு நிமிஷம் போனா களி!"

விஜயகலா பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். உப்பு கை நிறைய. அவித்த தண்ணீரை நானாவின் கையாள் தொட்டியில் கொட்டப் போனபோது அவள் பதறித் தடுத்தாள். வடிகஞ்சியைக் கொட்டுகிற பழக்கம் அவள் பிறந்த வீட்டில் கிடையாது.

நானா திரும்பிப் பார்த்தார். "தங்கச்சிக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலயே! அந்தத் தண்ணியிலதான்டா சோஸே சேரும்." அன்றைக்கு ஒரு பாக்கெட் பாஸ்டாவை அவள் கையில் கொடுத்தும் அனுப்பினார்.

அன்று சாயந்தரமே வீட்டில் செய்தாள். தேங்காயெண்ணெயில் வெள்ளைப்பூண்டும் காய்ந்த மிளகாயும் வதங்கி, தக்காளி குழைந்து, மேலே சீஸுக்குப் பதில் மாசிக் கருவாட்டுத் தூள். வாசம் லயத்தைத் தூக்கியது. சசி தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். "அப்பா வரட்டும்" என்றாள் விஜயகலா. அவள் செய்த பிழை அது.

அவன் வந்தபோது சட்டிக்குள் இருந்தது களிக்கட்டி. இந்திரகுமார் அதைச் சட்டியோடு சுவரில் அடித்தான். பிறகு அவளை அடித்தான். அவன் குறட்டை விட்ட பிறகு விஜயகலா எழுந்து பார்த்தாள். சசி சுவரில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அட பாவிகளா! அடிபட்ட பதினாலு வருஷத்தில் வராத ஆத்திரம் அப்போது வந்தது அவளுக்கு. என் பிள்ளை இனிச் சூடாகச் சாப்பிடும், அதற்கு உயிரே போனாலும் சரி என்று முடிவெடுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பாஸ்டா அவிந்தது. துளைக் கரண்டியால் அள்ளிச் சோஸில் புரட்டி, இரண்டே தட்டில் போட்டாள். அவன் பங்கை அவிக்காமல் தனியாக வைத்திருந்தாள். அடுப்பிலிருந்த தண்ணீரை இறக்கவில்லை. அவன் வந்ததும் போட்டு எடுத்தால் அவனுக்கும் சுடச்சுடக் கிடைக்கும், கை ஓங்க ஒரு சாக்கு இருக்காது என்று கணக்குப் போட்டாள். பாவம்.

சசி ஒரு வாய்க்கு ஒருமுறை வாசலைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள். பாதித் தட்டில் அவன் வந்துவிட்டான். அன்றைக்கென்று சீக்கிரம்.

"எனக்கு முன்னாடி தின்னுறீங்களா? நான் செத்தா போயிட்டேன்?"

"ஒங்களுக்கு இந்தா, ரெண்டே நிமிஷம்..."

அவன் காது கொடுக்கவில்லை. சசியின் தட்டை எட்டி உதைத்தான். பின்னலைப் பிடித்துத் தூக்கி அவள் தலையைச் சுவரில் மோதினான். ஒருமுறை. பிள்ளையின் மூக்கிலிருந்து இரத்தம் தக்காளிச் சோஸோடு கலந்து நாடியில் வழிந்தது.

"புள்ளய விடுங்க" என்றாள். இரண்டாம் முறை மோதினான்.

"விடுடா!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத 'டா' அது. அவன் ஆச்சரியத்தில் பிள்ளையை விட்டுவிட்டு அவள் பக்கம் பாய்ந்தான். சசி ஓடி ஒதுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் பானையைத் தூக்கினாள். முழங்காலுக்குக் கீழே, இரண்டு காலிலும், உப்பும் கஞ்சியுமாகக் கொதித்த தண்ணீர்.

"அம்மே!" என்று அவன் அலறியது தொழிற்சாலை வரைக்கும் கேட்டதாம். தோல் வழன்று வந்தது. லயமே இஸ்தோப்புத் திண்ணையில் கூடி நிற்க, அவள் சசியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று அவனைக் கேட்டார்கள். பெண்டாட்டி ஊற்றினாள் என்று எந்த வாயால் சொல்வான்?

"தவறி விழுந்துட்டேங்க" என்றான்.

மூன்று வாரம் கழித்துக் காலில் கட்டோடு வந்து இறங்கினான். கூடவே தொழிற்சங்கத்துத் தலைவர் அழகமுத்து. சமாதானம் பேச வந்தாராம்! பிள்ளையின் மூக்கு உடைந்தபோது இவர் எங்கே போயிருந்தாரோ.

"இந்தா புள்ள, நடந்தது நடந்துபோச்சு. மன்னிப்புக் கேட்டுட்டு இன்னைக்கி மொதத் தட்டு அவனுக்குப் போடு. அதோட முடிஞ்சிச்சு."

விஜயகலா எழுந்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். பாஸ்டா அவிந்ததும் முதல் தட்டைச் சசிக்குப் போட்டாள். இரண்டாவதைத் தனக்கு வைத்தாள். மூன்றாவது தட்டை வெறுந்தட்டாக அவன் முன்னால் வைத்தாள்.

"பசிச்சா இப்பவே சாப்பிடலாம். இனி இந்த வீட்டுல யாருக்காகவும் யாரும் காத்திருக்கப் போறதில்ல."

"என்னடி..." இந்திரகுமாரின் கை பழக்கத்தில் மேலே எழுந்தது.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் அந்தப் பானையைப் பார்த்தான். கை இறங்கியது. கட்டுப்போட்ட கால்கள் இரண்டையும் மெல்ல வாங்குப் பலகைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"போடு" என்றான்.

போட்டாள். மூவரும் சூடாகச் சாப்பிட்டார்கள். அழகமுத்துவுக்கு அவசர வேலை வந்துவிட்டது, போய்விட்டார். சசி அன்று வாசலைப் பார்க்கவில்லை. அப்பனின் கையைப் பார்த்தாள், பிறகு அடுப்பைப் பார்த்தாள், பிறகு சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் கை ஓங்கியதில்லை. திருந்திவிட்டான் என்று லயத்தில் சொல்கிறார்கள். விஜயகலா அதை நம்பி எதையும் செய்வதில்லை. இன்றைக்கும் பிள்ளை கடைசி வாய் சாப்பிட்டு எழும்வரை அவள் அடுப்பிலிருந்து தண்ணீரை இறக்குவதில்லை.