மதினி காதுக்கு அளவெடுத்த ரோஜா

போடியில் ரோஜாவின் பியூட்டி பார்லருக்குப் புருவம் திருத்தப் போகிறவர்களிடம் அவள் முதலில் பார்ப்பது காதைத்தான். நூலை விரலில் சுற்றிக்கொண்டே, "ஒங்களுக்கு வலது காதவிட எடது காது துவாரம் சின்னதுக்கா, தெரியுமா?" என்பாள். வந்தவள் திருதிருவென்று முழிப்பாள். பிறந்ததிலிருந்து தன்னோடு இருக்கிற காதைப் பற்றி எவளோ ஒருத்தி சொல்வதா என்று சிலருக்குக் கோபம்கூட வரும். ரோஜா அதற்கெல்லாம் அசரமாட்டாள். மனசில் பட்டதை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி அவள். பூப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஏலச்செடிக்குள் நின்று அந்த மேட்டிலிருந்து இந்த மேட்டுக்குக் கூப்பாடு போட்டே பழகிய தொண்டை, ரகசியம் பேச வராது என்று அவள் புருஷன் அருள்பாண்டி சொல்லிச் சிரிப்பான்.

அந்த அருள்பாண்டியால் வந்ததுதான் இந்தக் காதுப் பைத்தியம். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறவன் அவன். ஒரு நாள் தன் இயர்போன் மேலேயே உட்கார்ந்து நொறுக்கிவிட்டு வந்தான். குப்பைக்குப் போக இருந்ததை ரோஜா பிடுங்கி, நகம் ராவுகிற அரத்தால் நெம்பித் திறந்தாள். உள்ளே சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு ஸ்பீக்கர். "ஆத்தாடி! இம்புட்டுக்காணு சாமானா அம்புட்டுச் சத்தம் போடுது?" என்று வாயில் கை வைத்தவள், அன்றைக்குப் பிடித்ததை இன்றைக்கு வரை விடவில்லை. போனில் வீடியோ பார்த்தாள். எங்கெங்கிருந்தோ பொட்டலம் பொட்டலமாகச் சாமான் வந்தது. காதுக்குள் மாவு மாதிரி ஒன்றைச் செலுத்தி அச்செடுத்து, அந்த அச்சுக்குப் பிசின் ஊற்றி ஓடாக்கி, அந்த ஓட்டுக்குள் அரிசி மணி அளவு ஸ்பீக்கர்களை ஒட்டுகிற வேலை. பிசின் இறுகத் தனி விளக்கு வேண்டுமாம். பார்த்தால், பார்லரில் நகப்பூச்சு காய வைக்கிற அதே நீல விளக்கு! அப்புறம் கேட்கவா வேண்டும்? கல்யாணப் பெண் நகத்தை நீட்டினால், விளக்குக்குள் யாருடைய காதோ வெந்துகொண்டிருக்கும்.

முதலில் செய்ததெல்லாம் குப்பைக்குத்தான் போனது. ஒன்று கொசுவாய்க் கத்தியது. இன்னொன்று போர்வைக்குள்ளிருந்து பேசியது. ஓடு செய்வது பாதி வேலைதான், அதன் சத்தத்தைச் சரிக்கட்டுவது மீதிப் பாதி என்று போகப்போகத்தான் அவளுக்கு விளங்கியது. உள்ளே போகிற குழாயை நகக்கண் அளவு வெட்டினால் சத்தம் மாறும். குழாய்க்குள் மெல்லிய வலைத்துண்டு ஒன்றை வைத்தால் கீச்சுச் சத்தம் அடங்கும். சின்ன மைக் ஒன்றை ஊசி போடுகிற சிரிஞ்சுக் குழாயில் சொருகி, சத்தம் மேலும் கீழும் எப்படிப் போகிறது என்று போனில் கோடு வரைய வைக்கக் கற்றுக்கொண்டாள். கோடு மேடுபள்ளம் இல்லாமல் வந்த அன்றைக்கு வீட்டில் குழம்பு தீய்ந்திருக்கும், ஆனால் அவள் முகம் மலர்ந்திருக்கும்.

அருள்பாண்டியின் அக்காள் மகாராணி, ரோஜாவுக்கு மதினி. பகலில் ஏலக்காய்க் கடையில் காய் பிரிப்பாள். திருவிழாக் காலம் வந்துவிட்டால் பிச்சைமணி ஆர்கெஸ்ட்ராவில் பாட்டு. இருபத்தைந்து வருசத்துக்கு மேல் பாடுகிறாள். சும்மா சொல்லக் கூடாது, அம்மன் பாட்டை அவள் எடுத்தால் ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்க்கும். ரோஜா மருமகளாக வந்த புதிதில், மலையாளம் கலந்த அவள் பேச்சைச் சொல்லிக் காட்டிச் சொந்தக்காரப் பெண்கள் சிரித்தபோது, "ஏன்டி, ஒங்க தமிழுல மட்டும் என்ன தேனா ஒழுகுது?" என்று சண்டைக்குப் போனவள் மகாராணிதான். அதை ரோஜா மறக்கவே இல்லை.

இந்த வருசம் பங்குனியில், ஆர்கெஸ்ட்ரா முதலாளி பிச்சைமணி பார்லர் வாசலில் வந்து நின்றார். ஆம்பளைக்கு அங்கே என்ன சோலி என்று ரோஜா எட்டிப் பார்த்தாள். மனுசன் கையைப் பிசைந்தார்.

"ராணியக்காட்ட நேரா சொல்ல வாய் வரலத்தா. சுருதி நழுவுது. ராசிங்காபுரத்துல சனம் சிரிச்சிருச்சு. தேவாரம் ஊருத் திருவிழா வரைக்கும் பாப்பேன். அங்கயும் இப்படின்னா கோரஸுல நிக்கச் சொல்றதத் தவிர எனக்கு வேற வழி இல்ல. புதுசா ஒரு புள்ளையும் வந்திருக்கு."

ரோஜாவுக்குச் சுருக்கென்றது. மகாராணியைக் கோரஸில் நிற்கச் சொல்வது, மேடையை விட்டு இறங்கிப் போ என்று சொல்வதுதான். அவள் நிற்கவும் மாட்டாள், மறுபடி பாடவும் மாட்டாள். மகாராணியிடம் ஜாடையாக விசாரித்தபோது அவள் பொரிந்து தள்ளினாள்.

"பேடு, கீபோர்டுன்னு எல்லாவனும் சத்தத்தக் கூட்டி வச்சிக்கிட்டா எங்கொரலு எனக்கு எப்பிடிடி கேக்கும்? பிச்சைமணி குடுக்குற இன்-இயரு பாட்டு பாதியிலயே காதுலருந்து கழண்டு விழுகுது."

இன்-இயர் என்பது, பாடுகிறவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்டுக்கொள்ள மேடையில் காதுக்குள் செருகிக்கொள்வது. அதைத்தானே ரோஜா வீட்டில் செய்துகொண்டிருக்கிறாள்! "கவலைய விடுங்க மதினி. ஒங்க காதுக்குன்னே அளவெடுத்து நான் செஞ்சு தர்றேன்," என்றாள்.

வாயைத் திறந்தால் காதுத் துவாரத்தின் உருவம் மாறும். அதனால் பாடுகிறவர்களுக்கு வாய் திறந்திருக்கும்போதே அச்செடுக்க வேண்டும். புருவத்துக்கு வைத்திருந்த நூல்கண்டை மகாராணியின் பல்லிடுக்கில் கொடுத்து, இரண்டு காதிலும் மாவைச் செலுத்தி, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மகாராணி பேச முடியாமல் ரோஜா மட்டும் பேசிய நேரம் அந்தக் குடும்பத்தில் அது ஒன்றுதான். மகாராணி கண்ணாலேயே திட்டிக்கொண்டிருந்தாள்.

சோடி தயாரானது. போனில் கோடு அத்தனை அழகாக வந்திருந்தது. ரோஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. மகாராணி அதை மாட்டிக்கொண்டு ரெண்டு வரி பாடினாள். முகம் சுளித்தது.

"என்னடி இது? பானைக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு."

வலையை மாற்றினாள். குழாயை வெட்டினாள். திரும்பத் திரும்ப அதே பானைதான். ரோஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"கோடு சரியா இருக்கு மதினி! இந்தா பாருங்க!"

"கோடா பாடப் போகுது? நாந்தானடி பாடப் போறேன்!"

"சரி சரி, ஷெரியாக்காம்."

"மலையாளத்த எறக்குனா எனக்குக் கேட்டுருமா? ஒழுங்கா செஞ்சு கொண்டா!" என்று மகாராணி பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ரெண்டு பேரும் ரெண்டு நாள் பேசவில்லை. அப்புறம் மகாராணியே வந்தாள். திருவிழா நெருங்குகிறதே! ரோஜாவும் வீம்பை ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த இடத்தில் சத்தம் குறைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி செய்தாள். முதலில் இன்-இயர் இல்லாமல் மதினிக்கு எப்படிக் கேட்கிறது என்று பார்க்க, அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, போன் ஸ்பீக்கரிலேயே ஒரே ஒரு சத்தத்தைக் கீழிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஏறவிட்டாள். "நின்னதும் சொல்லுங்க மதினி," என்றாள். சத்தம் முனகலில் தொடங்கி, விசிலாகி, இன்னும் மேலே ஏறியது.

"ம், நின்னுருச்சு," என்றாள் மகாராணி.

போன் அலறிக்கொண்டிருந்தது. முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருந்த ஒரு பெண், "அய்யோ, அத நிறுத்துங்கக்கா, காது கூசுது!" என்று ரெண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

ரோஜா ஒன்றும் விளங்காமல் முதலிலிருந்து ஓட்டினாள். திரும்ப ஓட்டினாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் மகாராணி கையைத் தூக்கினாள். கடைசியில் சலித்துப்போய்ச் சொன்னாள்:

"இந்தா பாரு, அதே எடத்துல வந்து வந்து நின்னுபோகுது. ஒம் போனுதாண்டி பழுது. முதல்ல அத மாத்து."

ரோஜாவின் உள்ளங்கையில் போன் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பாடிப் பாடி, மேல் சத்தமெல்லாம் மதினியின் காதுக்கு எட்டாமல் போய்விட்டிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் அவளுக்கே தெரியவில்லை. குரலில் கோளாறு இல்லை. தன் குரலின் மேல்பாதி காதில் விழாமல் எந்த மகராசி சுருதி பிடிப்பாள்?

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. யாருக்கும் எதையும் மறைத்துப் பழகாதவள் ரோஜா. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்தாள். திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. இப்போது சொன்னால் மகாராணி மேடையில் கால் வைக்க மாட்டாள்.

"ஆமா மதினி, போனுதான் மக்கர் பண்ணுது," என்றாள். பொய் சொல்வது இத்தனை பாரமாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அருள்பாண்டியிடம்கூட மூச்சுவிடவில்லை. பழைய ஓடுகளை உடைத்து மறுபடி ஊற்றினாள். மேல் சத்தத்துக்கென்றே மூன்றாவதாக ஒரு குட்டி ஸ்பீக்கரைச் சேர்த்து, வலையைப் பிடுங்கி எறிந்தாள். மதினி கையைத் தூக்கிய இடத்துக்கு மேலே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டே போனாள். போனில் வந்த கோடு போடிமெட்டு ரோடு மாதிரி செங்குத்தாக ஏறியது. வீடியோவில் பாடம் சொன்ன மகானுபாவர்கள் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டு எழுந்து போயிருப்பார்கள். நுனியை லேசாகத் தன் காதில் வைத்துப் பார்த்தவளுக்கே பல் கூசியது. ஒரே ஆறுதல், அந்த ஓடு உலகத்தில் வேறு யார் காதிலும் நுழையாது. பிச்சைமணியே வாங்கிப் பார்த்தாலும் மாட்ட முடியாது. மதினி மட்டுந்தான் கேட்க முடியும்.

மகாராணி மாட்டிக்கொண்டாள். பாடினாள். பாட்டின் நடுவே கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆங்! இப்பத்தாண்டி வழிக்கு வந்திருக்கு. நான் அப்பவே சொன்னேன்ல, ஒஞ் சாமான்லதான் கோளாறுன்னு?"

"ஆமா மதினி," என்று ரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தேவாரத்தில் மலையிலிருந்து ஆனை இறங்குகிற நேரம் அது. பொழுது சாய்ந்தால் சனம் தோட்டத்து வழியே வீடு போக முடியாது என்பதால் கோயில் கமிட்டியார் கச்சேரியை மத்தியானமே வைத்துவிட்டார்கள். ரோஜா மேடைக்குப் பக்கத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆள் அருகில் போய் நின்றுகொண்டாள். மதினியின் காதுக்குப் போகும் சத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

மகாராணி அம்மன் பாட்டை எடுத்தாள். மேலே போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போய் நின்றாள். அடுத்த பாட்டும் அப்படித்தான். கீபோர்டுக்காரர் தலையை ஆட்டத் தொடங்கினார். பிச்சைமணி ரோஜாவைப் பார்த்து, வாயைப் பிளந்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ரோஜாவுக்குக் கண் நிறைந்து மேடையே மங்கலாகிவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மகாராணியின் கையிலிருந்த மைக் வழியாக அந்தக் கைதட்டல் அத்தனையும் அவள் காதுக்குள் கொட்டியது. அதை நேராகவே கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்திருக்க வேண்டும். இரண்டு காதிலிருந்தும் சோடியைக் கழற்றினாள்.

கைதட்டல் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. முடித்துவிட்டார்கள்போல என்று நிமிர்ந்தாள். வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கைகூட நிற்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்கள். மகாராணி ஒரு காதில் செருகினாள், கழற்றினாள், மறுபடி செருகினாள். அப்புறம் மெதுவாகத் திரும்பி ரோஜாவைப் பார்த்தாள்.

மகாராணி படி இறங்கி நேராக அவளிடம் வந்தாள்.

"போனு பழுதில்ல. அப்படித்தானே?"

"மதினி..."

"சத்தமாச் சொல்லு."

"இல்ல மதினி. போனு நல்லாத்தான் இருந்துச்சு," என்று உடைந்து அழுதாள் ரோஜா. "தப்புத்தான். இன்னிக்கு முடிஞ்சதும் சொல்லிறணும்னுதான் இருந்தேன்."

அடி விழும் என்றே எதிர்பார்த்தாள். மகாராணி திட்டக்கூட இல்லை. உள்ளங்கையில் கிடந்த அந்த ரெண்டு ஓடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைதட்டு இப்பிடியாடி இருக்கும்? மறந்தே போயிருச்சு எனக்கு," என்றாள். "இதப் போட்டுக்கிட்டே வீட்டுக்கு வரலாமா?"

"ஆகாது மதினி. மைக்குல வர்றது மட்டுந்தான் இதுல வரும். மேடைய விட்டு எறங்குனா இது வெறும் அடைப்பான். வீட்டுக்குப் போட வேற மிசினு இருக்கு. தேனியில டாக்டருகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

கமிட்டிக்காரர் ஒருவர் மலைப்பக்கம் கையைக் காட்டி, "வெரசா கட்டுங்கப்பா, ஆனை வந்துரும்," என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வயரைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். மகாராணி முந்தானையால் சோடியைத் துடைத்து, ஒவ்வொன்றாகக் காதில் செருகிக்கொண்டாள்.

"பிச்சைமணிட்ட போய்ச் சொல்லு. இன்னும் ஒரு பாட்டு இருக்குன்னு."

ரோஜா அவள் கண்ணில் படும்படி முன்னால் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்: "கமிட்டிக்காரவுக வைவாக மதினி!"

"வையட்டும்டி," என்று மகாராணி படியேறினாள். "அதையும் மைக்குல வந்து வையச் சொல்லு. நல்லாக் கேட்டுக்கிறேன்."